ஆஞ்சலா வைத்த சட்டி

தரங்கம்பாடியில் ஓர் ஆள் உள்ளூரா வெளியூரா என்று கண்டுபிடிக்க அடையாள அட்டையெல்லாம் வேண்டாம். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் போதும். கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் வெளியூர். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்க்க வந்தவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளூர். உள்ளூர்க்காரருக்குக் கடல் எங்கே போய்விடப் போகிறது? புதுக் கூலிங்கிளாஸோடு அலையில் செருப்பைப் பறிகொடுக்கிற மனிதர்தான் தினம் தினம் மாறுகிறார்.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வந்த ஆஞ்சலாவுக்கு இது தெரிய நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை அந்தப் பெண்மணி தினமும் சாயங்காலம் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியாமல், பைபிள் வசனம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஆஞ்சலா ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் என நான்கு மொழிகளில் "கொஞ்சம் ஹோல்ட் பண்ணுங்க" என்று சொல்லியே இளமையைக் கழித்தவர். அவர் ஹோல்ட் என்றால் ஹார்ட் அட்டாக்கும் சற்று நிற்கும் என்று டாக்டர்கள் கேலி செய்வார்கள். கணவர் தவறிய பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். வீட்டில் மகன் அமல் இருந்தான், அவனுடைய லேப்டாப் இருந்தது, பேச்சுத்துணைக்கு வாசல் மாமரம் இருந்தது. ஒருமுறை சபையோரோடு மூன்று நாள் சுற்றுலாவாகத் தரங்கம்பாடிக்குப் போனார். பஸ் திரும்பியது. ஆஞ்சலா திரும்பவில்லை. பழைய கோட்டைவாசலுக்கு உள்ளே, தேவாலயத்துக்குப் பின்னால், ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டார்.

ஏன் என்று கேட்டால் அவரிடம் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. "காலையில எழுந்தா சத்தம் இருக்கு, ஆனா யாரும் கத்தல" என்பார். அலைச் சத்தத்தைச் சொல்கிறார்.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு அது பெருமையாகவும் பொறாமையாகவும் இருந்தது. "ஆஞ்சலாவுக்கென்னப்பா, வருஷம் பூரா வெகேஷன்!" என்றார்கள். வெகேஷன் ஊரில் குடியிருப்பது எப்படிப்பட்ட பாடு என்று அவர்களுக்கு என்ன தெரியும்? சனி ஞாயிறில் தெருவில் நடக்க இடம் இருக்காது. வீட்டு வாசலில் கோலம் போட்டால் நாலு பேர் போட்டோ எடுப்பார்கள். மதியம் கண் அசந்தால், "இந்த வீடு எந்த நூற்றாண்டு?" என்று ஜன்னல் வழியாக ஒருவர் விசாரிப்பார்.

அதையெல்லாம் ஆஞ்சலா சகித்துக்கொண்டார். சகிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்ட அந்தக் கேள்வி.

"மேடம், எப்ப ஊருக்குப் போறீங்க?"

பால்காரர் கேட்டார். டீக்கடைக்காரர் கேட்டார். காவல்காரர் மாதிரி சர்ச் வாசலில் படுத்துக்கிடக்கும் நாய்க்குப் பேச வந்தால் அதுவும் கேட்டிருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அதுதான் கொடுமை. அன்பாகக் கேட்டார்கள். ஆஞ்சலா ஒவ்வொரு முறையும் "பார்க்கலாம்" என்று சிரித்து வைப்பார். "போகமாட்டேன், இதுதான் என் ஊர்" என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஊர் அதை ஒத்துக்கொள்ளாமல் நாமாகச் சொல்லிக்கொண்டால் அசடு வழிய வேண்டியிருக்குமே என்று வாயை மூடிக்கொண்டார்.

உள்ளூராவதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. டூரிஸ்ட் தொப்பியைக் கழற்றினார். சுவரில் திரும்பி உட்காரக் கற்றுக்கொண்டார். ஆனால் அதற்கு முன்பே, முதல் மார்கழியில் மாட்டிக்கொண்டிருந்தார். டிசம்பர் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலைத் தாண்டுவது ரிச்சர்ட்ஸ் டவுனில் ஏதோ துணியே இல்லாமல் தாண்டுவது போல. பழக்கதோஷத்தில் ஆஞ்சலா ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாகக் கடற்கரைக்கு நடந்தார். வலையைச் சரி செய்துகொண்டிருந்த ஆண்கள் எல்லோரும் சட்டையில்லாமல் இருந்தார்கள். ஆஞ்சலாவின் முகத்தில் வியர்வை ஆறாக ஓடியது. "மேடத்துக்குக் காய்ச்சல் போல" என்று ஒருவர் எழுந்து சுக்குக் காப்பி வாங்கிவர ஓடினார். பாவம், அதையும் குடித்துத் தொலைக்க வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் மேல் ஒரு பெரிய தடை இருந்தது. அதன் பெயர் தமயந்தி.

தமயந்தி தெருமுனையில் மீன் விற்பவர். அரிவாள்மணைக்கு முன்னால் அவர் உட்கார்ந்தால் தெருவுக்கே ஒரு தலைமை வந்துவிடும். சுற்றுலா வருகிறவர்கள் மீனைத் தொட்டுப் பார்ப்பார்கள், அதைக் கொடு இதைக் கொடு என்பார்கள், தமயந்தி நறுக்கிக் கவரில் போட்டுக் கொடுப்பார். தெருக்காரர்களுக்கு அந்த வழக்கமே இல்லை. விடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சட்டி தமயந்தியின் பலகைக்கடியில் வந்து உட்கார்ந்துவிடும். என்ன மீன் வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. படகு வந்ததும் அன்றைக்கு எது நல்லதோ, எந்த வீட்டுக்கு எது ஆகுமோ, அதை அவரே போட்டு வைப்பார். பிள்ளை பெற்ற வீட்டுச் சட்டியில் பால்சுறா இருக்கும். பல் போன கிழவர் வீட்டுச் சட்டியில் முள் இல்லாதது இருக்கும். சட்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியது, குழம்பு வைக்க வேண்டியது.

ஆஞ்சலாவும் ஒரு நாள் போய்ப் பளபளவென்று புதுச் சட்டி ஒன்றைப் பலகைக்கடியில் வைத்துவிட்டு வந்தார். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால், சட்டிக்குள் மீன் இருந்தது. மீன் கவருக்குள் இருந்தது.

"ஏன் தமயந்தி, கவர் எதுக்கு?"

"கோவிச்சுக்காதீங்க மேடம். சட்டி வச்சுட்டா அந்த வீட்டுக்கு நான் பொறுப்பு. மீனே வராத நாள்லயும் ரெண்டு கருவாடாவது போட்டாவணும். முன்ன ஒரு பெங்களூரு சார் இப்படித்தான் ஆசையா வச்சாரு. பொங்கலுக்கு ஊருக்குப் போனவரு போனவருதான். அவரு சட்டியில இப்ப பூனைக்குத் தண்ணி வைக்கிறேன்."

"நான் அப்படிப் போகமாட்டேன்."

தமயந்தி மீனைக் கழுவிக்கொண்டே கோட்டைப் பக்கம் தலையை ஆட்டினார். "இந்தா, இந்தக் கோட்டையைக் கட்டுனாங்களே டேனிஷ்காரங்க, அவங்களும்தான் இருக்கப்போற மாதிரி கட்டுனாங்க. எத்தனை தலைமுறை இருந்தாங்க! அவங்களே போயிட்டாங்க மேடம்."

இதற்கு என்ன பதில் சொல்வது? கோட்டை மியூசியத்தை நாலு முறை சுற்றிப் பார்த்த ஆஞ்சலாவுக்கே பதில் கிடைக்கவில்லை. தமயந்தியோ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது போனதோடு சரி, அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடிற்று. ஆஞ்சலா கவரில் மீன் வாங்கினார், சுவரில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார், "பார்க்கலாம்" என்றார். உள்ளுக்குள் வலித்தது.

மே மாதத்தில் அமலுக்குப் பெங்களூரில் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஸ்னேஹா, அவனோடு வேலை பார்ப்பவள். அழைப்பிதழ் கொடுக்க ஆஞ்சலா தெரு முழுக்க ஏறி இறங்கினார். எல்லோரும் சந்தன நிற அட்டையைத் தடவிப் பார்த்து, "கண்டிப்பா வர்றோம் மேடம்" என்றார்கள். அதற்கு வரமாட்டோம் என்று அர்த்தம், அது எல்லா ஊருக்கும் பொது. ஒரே ஒருவர் மட்டும் நிஜமாகவே வந்தார்.

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடந்தன. தமயந்தியின் கணவர் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தமயந்திக்குக் கை காலெல்லாம் சும்மா இருந்தது. "ஊர் ஊரா எங்க ஊருக்கு லீவுக்கு வருது. நாங்க எங்க போறது? இந்தத் தடவை நான் லீவுக்குப் போறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தலையில் ஓலைத்தொப்பி. கடற்கரைக் கடையில் வெளியூர்க்காரர்கள் வாங்குவார்களே, அதே தொப்பி. லீவுக்குப் போகிறவர்கள் தொப்பி போட வேண்டும் என்பது அவர் இத்தனை வருடம் பார்த்துத் தெரிந்துகொண்ட விதி. பையில் கல்யாண வீட்டுக்குக் கருவாடு இருந்தது. ரயில் பெட்டியில் அவர்களுக்கு நல்ல இடம் கிடைத்தது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பெங்களூரில் தமயந்தி சுற்றுலாப் பயணிகளுக்கே பாடம் எடுத்தார். மெட்ரோவைப் போட்டோ எடுத்தார். மெட்ரோவில் தன்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். அல்சூர் ஏரியைப் பார்த்து, "இவ்ளோ தண்ணி இருக்கு, ஒரு அலைக்கு வழியில்லையே" என்று வருத்தப்பட்டார். ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் கடையைப் பார்வையிடப் போனார்கள். கடைக்காரர் ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டி, "ஃப்ரெஷ் மேடம், இவத்து பந்தித்து" என்று, இன்றைக்குத்தான் வந்ததாகக் கன்னடத்தில் சத்தியம் செய்தார். தமயந்தி வாய் திறப்பதற்குள் ஆஞ்சலா செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது ஐஸ்ல குடியிருந்த மீனு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். தமயந்தி பின்னாலேயே வந்தார், ஆனால் சற்று மெதுவாக, எதையோ யோசித்தபடி.

சாயங்காலம் மழை அடித்தது. மே மாதத்தில் இப்படி ஒரு குளிரா என்று தமயந்திக்குப் பல் தந்தி அடித்தது. ஆஞ்சலா தன் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் எடுத்துக் கொடுத்தார். தமயந்தி இரண்டையும் போட்டுக்கொண்டார். ஆஞ்சலா சிரிப்பை அடக்கிக்கொள்ளவில்லை, அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

லீவு மூன்றாம் நாள் கசந்தது. ஆட்டோக்காரர், பேக்கரிக்காரர், பக்கத்து வீட்டு அம்மா, எல்லோரும் தமயந்தியிடம் ஒன்றையே கேட்டார்கள். "ஊர்ல இருந்து வந்தீங்களா? எப்ப போறீங்க?"

"ஏன் மேடம், உங்க பெங்களூரு ஜனங்க நான் போறதுலயே குறியா இருக்காங்க?" என்று ரிச்சர்ட்ஸ் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து தமயந்தி பொருமினார். "வந்தவகிட்ட சாப்பிட்டியா, தூங்குனியான்னு கேட்டா கொறைஞ்சா போயிடும்? நெஞ்சுல சுருக்குன்னுது."

அப்போது வாக்கிங் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் நின்றார். ஆஞ்சலாவின் சபையைச் சேர்ந்தவர்தான், முப்பது வருடப் பழக்கம். "அடடே ஆஞ்சலா! எப்ப வந்தே? எப்ப ஊருக்குத் திரும்பறே?"

"பார்க்கலாம் அங்கிள்" என்றார் ஆஞ்சலா.

பெரியவர் போனதும் தமயந்தி குல்லாவைக் கழற்றினார். "மேடம், இது நீங்க பொறந்த ஊருதானே?"

"ஆமா."

"இங்கயும் உங்களை எப்ப போறீங்கன்னுதான் கேக்குறாங்களா?"

"இங்க கேட்டாலும் பதில் இல்ல, அங்க கேட்டாலும் பதில் இல்ல" என்றார் ஆஞ்சலா. சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. "ரெண்டு ஊர்லயும் நான் விருந்தாளி தமயந்தி."

தமயந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். எதிரே கொன்றை மரங்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன, ஜனங்கள் நின்று நின்று போட்டோ எடுத்தார்கள். ஆஞ்சலா அந்த மரங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போட்டோ எடுப்பவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தமயந்தி அதையும் கவனித்துக்கொண்டார்.

கல்யாணம் சர்ச்சில் அமைதியாக நடந்தது. மதியம் பக்கத்து ஹாலில் பிரியாணி. கேக் வெட்டி, வாழ்த்துரைகள் முடிந்து, மாப்பிள்ளை நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தான். அமல் நல்ல பிள்ளை. அம்மா மேல் உயிர். அந்த உயிர் அன்றைக்கு மைக்கில் வந்து நின்றதுதான் தப்பு.

"கடைசியா அம்மாவுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றான். "எங்கம்மா ஒன்றரை வருஷமா லாங் வெகேஷன்ல இருக்காங்க. சும்மா தனியா அங்க எதுக்கு? மேல ஒரு ரூம் கட்டி முடிச்சுட்டேன். தரங்கம்பாடி வீட்டுக்காரருக்கும் போன் பண்ணி, ஜூன்ல காலி பண்றோம்னு சொல்லிட்டேன். அம்மாவோட வெகேஷன் முடிஞ்சுது! வெல்கம் ஹோம்மா!"

ஹால் முழுக்கக் கைதட்டல். ஆஞ்சலா முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார். முகம் மட்டும் சிரித்தது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு, பிள்ளையே பார்த்து முடித்துவிட்டான்.

அப்போது பிரியாணிப் பந்தியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மைக் இல்லை. அலைச் சத்தத்துக்கு மேலே ஏலம் கேட்டுப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு?

"அது எப்புடிங்க தம்பி முடியும்? அக்கா சட்டி வச்சிருக்காங்களே!"

கைதட்டல் நின்றது. போதகர் லெக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். ஓலைத்தொப்பி மடியில் இருக்க, கையில் பிரியாணியோடு தமயந்தி எழுந்து நின்றிருந்தார்.

"என்ன சட்டி?" என்றான் அமல்.

"மீன் சட்டி. எங்க தெருவுல சட்டி வச்சவங்க நெனச்ச நேரத்துக்குப் போயிட முடியாது. அந்த வீட்டுக்கு நான் பொறுப்பு."

"இல்லங்க ஆன்ட்டி, நான் ஹவுஸ் ஓனர்கிட்ட ஏற்கெனவே சொல்லி..."

"அவரு சட்டியும் எங்கிட்டதான் இருக்கு" என்றார் தமயந்தி. "நான் பேசிக்கிறேன்."

யாரோ ஒருவர் கையைத் தட்டினார். பார்த்தால் மணப்பெண் ஸ்னேஹா. எதற்குத் தட்டினாள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

அமல் விடுகிறவனா? "அம்மா, நீங்க சொல்லுங்கம்மா. நீங்க அங்க..." என்று ஆரம்பித்தான்.

ஆஞ்சலா எழுந்தார். நேரே போய் மகன் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அவர் வாயிலிருந்து வந்தது அந்தப் பழைய மருத்துவமனைக் குரல், கொஞ்சமும் பிசிறு இல்லாமல்.

"அமல், கொஞ்சம் ஹோல்ட் பண்ணு."

அமல் நின்றான். ஹாலே நின்றது.

"அது வெகேஷன் இல்லப்பா. நான் அங்க குடியிருக்கேன். அதுதான் என் ஊரு. உன் மேல கோவம் எதுவும் இல்ல. ரூம் கட்டுனது நல்லதுதான், லீவுக்கு வந்தா தங்கிக்கிறேன்."

ஒன்றரை வருடமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. ஆஞ்சலாவுக்கே ஆச்சரியம். மைக்கைக் கொடுத்துவிட்டு நேரே தமயந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இலையில் பிரியாணி போடச் சொன்னார்.

"நிஜமாவா சொன்னே? சட்டி வச்சுக்கலாமா?" என்று காதோடு கேட்டார்.

"வைங்க. ஆனா அந்தப் பளபளப்பு வேணாம்க்கா, பார்த்தாலே வெளியூருன்னு தெரியுது. உங்க வீட்டுல அடி கரிஞ்சது ஒண்ணு கெடந்தா எடுத்துக்கிட்டு வாங்க."

ஆஞ்சலா சமையலறைப் பரண் முழுக்கத் தேடி, மாமியார் காலத்து அலுமினியச் சட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். அடி கறுத்து, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ரயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் வந்த முதல் நாள், பலகைக்கடியில் பத்தோடு பதினொன்றாக அந்தச் சட்டியும் உட்கார்ந்தது. போய்ப் பார்த்தால் உள்ளே காரப்பொடி. விரல் நீளம்கூட இருக்காது, மீனைவிட முள் அதிகம், ஒரு டூரிஸ்ட்டும் திரும்பிப் பார்க்காத மீன். ஆஞ்சலாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. குழம்பு வைத்து, முள் தொண்டையில் குத்தக் குத்தச் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

ஆகஸ்டில் நீண்ட வாரக்கடைசி ஒன்று வந்தது. அமலும் ஸ்னேஹாவும் புதுத் தொப்பிகளோடு வந்து இறங்கினார்கள். காலையில் அம்மாவோடு மீன் வாங்கப் போன அமல் இதைத் தொட்டான், அதைத் தொட்டான், கடைசியில் ஒரு பெரிய வஞ்சிரத்தைக் காட்டினான். தமயந்தி வாயெல்லாம் பல்லாக நறுக்கி, கழுவி, கவரில் போட்டு அவனிடம் நீட்டினார்.

"அம்மா சட்டி இங்கதானே இருக்கு, அதுலயே போடுங்களேன் ஆன்ட்டி" என்றான் அமல்.

"அது தெருக்காரங்களுக்குத் தம்பி" என்றார் தமயந்தி. பிறகு ஆஞ்சலா பக்கம் திரும்பி, மிகவும் அன்பாகக் கேட்டார். "தம்பி எப்பக்கா ஊருக்குப் போவுது?"

அமல் வாயைத் திறந்தான். ஆஞ்சலா முந்திக்கொண்டார்.

"திங்கக்கிழமை காலையில."